இரண்டு வலது சிறகுகள்

ஆற்றிங்கலில் கல்யாணம். முகூர்த்தம் பத்தரைக்கு. பஸ் கழக்கூட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பார்வதியம்மாள் சட்டென்று எழுந்து, "ஆளிறங்ஙானுண்டு!" என்று மலையாளத்தில் சத்தம் போட்டார். கண்டக்டர் மணியடித்தார். பட்டுக்கரை வேட்டி கட்டி, மொய்க்கவரைச் சட்டைப்பையில் வைத்திருந்த அவருடைய கணவர் குற்றாலலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி இறங்கிவிட்டதால் அவரும் இறங்கினார்.

"என்ன பார்வதி, தலை சுத்துதா?"

"மேல பாருங்க."

சாலையை ஒட்டி ஒரு பெரிய வெளி. அதன் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. பருந்தைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடிச் சிறகுகள், நடுவே குச்சிகள். மெதுவாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பி, தென்னைகளின் தலைக்கு மேலாகத் தாழ்ந்து வந்து, மறுபடி ஏறியது.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு. வங்கியில் முப்பது வருடம் ஸ்டெனோவாக இருந்த பார்வதியம்மாள் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்திரண்டு. மகள் புனேயில் வேலை பார்த்தாள். ஆரியசாலை வீட்டில் காலை பத்து மணிக்கு மேல் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. குற்றாலலிங்கம் சாலைக் கடைத்தெருவில் கீல், தாழ்ப்பாள், ஆணி விற்கும் கடைக்குப் போய்விடுவார்.

அந்த வெளியில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். மஞ்சள் விமானம் துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவருடையது. அவர் கையில் விமானத்தை ஓட்டுகிற, இரண்டு குச்சிகள் நீட்டிய ஒரு ரிமோட் பெட்டி. கண் முழுக்க வானத்தில். பக்கத்தில் நின்ற ஒல்லியான மனிதரிடம் பார்வதியம்மாள் கேட்டார்.

"இது எந்தக் கடையில கிடைக்கும்?"

அவர் பட்டுப்புடவையையும் மல்லிகைப் பூவையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கடையில இப்பிடியே கிட்டாது அக்கா. பெட்டியில மரத்துண்டாட்டு வரும். நாமளே ஒட்டி உண்டாக்கணும். பேரனுக்கா?"

"எனக்கு."

அவர் பெயர் ராஜையன். பாறசாலைக்காரர். ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கல்கத்தாக் கடையொன்றின் பட்டியல் தன்னிடம் இருப்பதாகவும், டிரில் பிட் வாங்க புதன்கிழமை சாலைக் கடைத்தெருவுக்கு வரும்போது கொண்டுவருவதாகவும் சொன்னார். கல்யாணத்தில் அவர்களுக்குக் கடைசிப் பந்திதான் கிடைத்தது.

புதன்கிழமை ராஜையன் சொன்னபடியே வந்தார். குற்றாலலிங்கத்தின் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், பூட்டுப் பெட்டிகளுக்கு நடுவே, பார்வதியம்மாள் பட்டியலைப் புரட்டினார். டைப் அடித்துப் பழகிய கண். ஒரு வரி விடாமல் படித்தார். மூன்று பக்கங்களின் முனையை மடித்தார்.

முதலாவது, புதிதாகப் படிக்கிறவர்களுக்கான பயிற்சி விமானம். உடம்புக்கு மேலே ஒரே சிறகு. ராஜையன் அதில்தான் விரலை வைத்தார்.

"இது மதி அக்கா, போதும். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. கையை விட்டாலும் தானே நேராயிடும். விழுந்தாலும் ஒட்டிடலாம்."

"இது மரப்பலகைக்கு வால் வச்ச மாதிரி இருக்கே."

"பாக்கதுக்கு அப்பிடித்தான். பறக்கதுக்குக் கொள்ளாம், நல்லாருக்கும்."

இரண்டாவது, பழைய போர்க்காலத்து இரட்டைச் சிறகு விமானத்தின் அச்சு அசலான நகல். சிறகுகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், ஆரம் வைத்த சக்கரங்கள், பைலட் பொம்மைகூட உண்டு. படத்தைப் பார்த்ததும் பார்வதியம்மாளின் மனம் அதில் விழுந்துவிட்டது. ஆனால் துண்டுகளின் எண்ணிக்கை கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. அவர் பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

மூன்றாவதும் இரட்டைச் சிறகுதான். ஆனால் எளிமையானது. கம்பிகள் கிடையாது. பருத்த உடம்பு, குட்டையான சிறகுகள்.

"தம்பி, இது வேகமாப் போகுமா மெதுவாப் போகுமா?"

ராஜையன் யோசித்தார். "செறகு ரெண்டு உண்டுல்லா. கனம் கொறவு. அதனால மெதுவாத்தான் போகும். ஆனா எஞ்சினை அடைச்சா பயிற்சி விமானம் மாதிரி மெதந்து வராது, சடார்னு எறங்கும். அது ஒண்ணுதான் கொழப்பம்."

"அப்ப எஞ்சினை அடைக்காமக் கொண்டுவந்து எறக்கணும். அவ்வளவுதானே?"

"சொல்லதுக்கு அவ்வளவுதான்."

கல்லாவிலிருந்து எழுந்து வந்த குற்றாலலிங்கம் கதவில் சாய்ந்து நின்றார். "ராஜையன் சார் இவ்வளவு சொல்லுதாரு. மொதல்ல ஒத்தச் செறகு வாங்கிப் படியேன். பொறவு இது வாங்கலாம்லா?"

"ஒத்தச் செறகைச் செஞ்சு முடிக்கதுக்குள்ள எனக்கு ஆசை போயிரும். பிடிக்காத ஒண்ணை மூணு மாசம் ஒட்டிக்கிட்டு உக்கார முடியாது. முப்பது வருசம் மத்தவங்க சொன்னதையே அடிச்சாச்சு."

குற்றாலலிங்கம் கல்லாவுக்கே திரும்பிப் போனார். ராஜையன்தான் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி சொன்னார். செய்வது இரட்டைச் சிறகாக இருக்கட்டும். பறக்கப் படிப்பது தன்னுடைய பழைய பயிற்சி விமானத்தில். அதில் பத்துமுறை தனியாக இறக்கிக் காட்டாமல் புதியதைத் தரையிலிருந்து எழுப்பக் கூடாது. பார்வதியம்மாள் சம்மதித்து, பட்டியலின் பின்புறமே ஆர்டர் கடிதத்தை ஷார்ட்ஹாண்டில் எழுதிக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்துப் பெட்டி வந்தது. மாடி அறையில் ஒரு பழைய கதவைப் பலகையாகப் போட்டு, அதன்மேல் வரைபடத்தை விரித்து, குண்டூசியால் மரத்துண்டுகளைக் குத்தி ஒட்டுவதுதான் வேலை. பால்சா மரம் கையில் எடுத்தால் இருப்பதே தெரியவில்லை. சிறகின் குறுக்கே வரிசையாக நிற்கும் வளைந்த துண்டுகளை 'ரிப்' என்றார் ராஜையன். பார்வதியம்மாள் ஒவ்வொன்றையும் உப்புத்தாளில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் பிறகே ஒட்டினார். சமையல் சீக்கிரம் முடிந்தது. சாயந்தரம் கடையிலிருந்து வருகிற குற்றாலலிங்கம் காபியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகினார்.

ஆனி மாதம், மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மேல் சிறகின் இரண்டு பாதிகளும் தயாராயின. பார்வதியம்மாள் ஊசிகளைப் பிடுங்கி, இரண்டையும் தூக்கி நடுவில் சேர்த்துப் பார்த்தார். ஒன்றின் உருண்ட முன்விளிம்பு முன்பக்கம் இருந்தது. மற்றதன் முன்விளிம்பு பின்பக்கம் இருந்தது. திருப்பினார். இப்போது முன்விளிம்பு சரி. ஆனால் தட்டையாக இருக்கவேண்டிய அடிப்பக்கம் மேலே வந்துவிட்டது. எப்படிப் புரட்டினாலும் இரண்டும் சேரவில்லை.

வரைபடத்தின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு வரி: படத்தில் வலது பாதி மட்டுமே உள்ளது, இடது பாதிக்குத் தாளைப் புரட்டிப் போட்டுக்கொள்ளவும். ஒரு வரி விடாமல் படித்தவர் அந்த ஒரு வரியை விட்டிருந்தார். ஒரே தாளின் மேல் இரண்டு முறை கட்டியதால் இரண்டும் வலது சிறகு. மூன்று வார வேலை.

குற்றாலலிங்கம் அன்று கடையை அடைத்துவிட்டு வந்தபோது அடுப்படியில் விளக்கு எரியவில்லை. மாடிக்குப் போனார். பார்வதியம்மாள் நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டும் வலது," என்றார். "கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு. லெட்டர்ல ஒரு கமா தப்பினாலும் கிழிச்சுப் போட்டு வேற அடிப்பேன்."

குற்றாலலிங்கம் இரண்டு பாதிகளையும் எடுத்துப் பார்த்தார். கீலிலும் தாழ்ப்பாளிலும் வலது இடது பார்த்தே அவருடைய நாள் கழியும். கொத்தனார்கள் மாற்றி வாங்கிப்போய் மறுநாள் சண்டைக்கு வருவது வழக்கம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டையும் அடுக்கினார். இம்மி பிசகாமல் பொருந்தின.

"கீழ்ச் செறகு என்ன அளவு?"

"அதுவும் இதே அளவுதான். ரிப்பும் இதேதான்."

"அப்ப இது மேல் வலது, இது கீழ் வலது. இனி ரெண்டு இடது செஞ்சா தீர்ந்துதே. இதுக்கா இருட்டுல உக்காந்திருக்கே?"

பார்வதியம்மாள் அவரையே பார்த்தார். பிறகு அந்த இரண்டு பாதிகளையும் வாங்கி, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பிடித்தார். ஆமாம், விமானத்தின் வலது பக்கம் முழுக்க முடிந்திருந்தது. மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட வீணாகவில்லை.

சிரிப்பு முதலில் அவருக்குத்தான் வந்தது. குற்றாலலிங்கமும் சேர்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவென்று எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"ஒத்தச் செறகு வாங்கியிருந்தா இன்னிக்கு முழிச்சிருப்போம்," என்றார் பார்வதியம்மாள்.

"அதைப் போயி ராஜையன் சார்ட்ட சொல்லு."

மறுநாள் ராஜையனுக்குப் போன் பண்ணினார். அவர் சிரித்துவிட்டு, முதல் சிறகில் தானும் அதையே செய்ததாகச் சொன்னார். தாளைப் புரட்டினால் கோடுகள் மங்கலாகத் தெரியும், அதற்குத் தாள் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிவிட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். எண்ணெய் தடவியதும் தாள் கண்ணாடி மாதிரி ஆனது. இடது சிறகுகள் இரண்டும் பன்னிரண்டே நாளில் முடிந்தன. மாடி அறையில் தேங்காய் எண்ணெய் வாசனை ஓணம் வரை போகவில்லை.

மரக்கூட்டின் மேல் ஒட்டுகிற வண்ணத் தாள் சூட்டுக்குச் சுருங்கி இறுகும் வகை. இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கவேண்டும். பார்வதியம்மாள் கீழ்ச் சிறகில் முயன்றபோது சுருக்கம் சுருக்கமாக விழுந்தது. இருபத்தேழு வருடமாகத் தன் சட்டையைத் தானே தேய்த்துவந்த குற்றாலலிங்கத்துக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இங்க தா. சூடு கூடிப்போச்சு. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்கணும், ஓரத்திலிருந்து நடுவுக்கு இல்ல."

விமானம் முழுவதையும் அவர்தான் தேய்த்தார். சிவப்பும் வெள்ளையும். மஞ்சள் வேண்டாம், அது துபாய்க்காரருடையது என்று பார்வதியம்மாள் முன்பே முடிவு செய்திருந்தார்.

இடையில் ஞாயிற்றுக்கிழமைகள் கழக்கூட்டத்துக்கு அப்பாலிருந்த அந்த வெளியில் கழிந்தன. ராஜையனின் ரிமோட் பெட்டியையும் பார்வதியம்மாள் புதிதாக வாங்கிய ரிமோட் பெட்டியையும் ஒரு வயரால் இணைத்திருந்தார்கள். தப்பு நடந்தால் ராஜையன் தன் பெட்டியில் அழுத்திப் பிடித்த சுவிட்சை விடுவார். விமானம் அவர் கைக்கு வந்துவிடும். முதல் வாரங்களில் அவர் சுவிட்சை விட்டுக்கொண்டே இருந்தார். விமானம் தன்னைவிட்டு விலகிப் போகும்போது பார்வதியம்மாள் நன்றாக ஓட்டினார். தன்னை நோக்கித் திரும்பியதும் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும், விரல்கள் மாறிப்போகும்.

"ஆலோசிக்காதீங்க அக்கா. எந்தச் செறகு தாழுதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்க. அது போதும்."

நான்காவது ஞாயிறு விரல்களுக்கு அது புரிந்தது. டைப் பழகிய நாட்களில் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்க வந்ததுபோல ஒரு நொடியில் வந்தது. அன்றைக்கு ராஜையன் வயரைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று பீடி பற்றவைத்தார். பத்து இறக்கங்களுக்குப் பதிலாகப் பார்வதியம்மாள் பதினாறு இறக்கினார்.

ஐப்பசியில் தொடங்கிய துலாமழை விட்ட ஒரு காலை, கார்த்திகை மாதம், இரட்டைச் சிறகு விமானத்தைக் கடைச் சரக்கு ஏற்றுகிற ஆட்டோவில் மெத்தை போட்டுக் கொண்டுபோனார்கள். புல்லில் ஈரம் இருந்தது. ராஜையன் மூக்கிலிருந்த விசிறியைத் தட்டி எஞ்சினை ஓடவிட்டார். எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய் எரியும் வாசனை எழுந்தது. பார்வதியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

விமானம் இருபது அடி ஓடுவதற்குள் தரையை விட்டுவிட்டது. அவர் நினைத்ததைவிடச் சீக்கிரம். இடப்பக்கம் சாய்ந்தது, சரிசெய்தார். தென்னைகளுக்கு மேலே போய்த் திரும்பி, இரண்டு சிறகிலும் வெயில் பட, அவர்களை நோக்கி வந்தது. அங்கிருந்தவர்கள் எல்லாம் மேலே பார்த்தார்கள். குற்றாலலிங்கம் மட்டும் மேலே பார்க்கவில்லை. மனைவியின் இரண்டு கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை நடுங்கவில்லை என்று கண்டபின்தான் வானத்தைப் பார்த்தார்.

இறக்கும்போது கடைசி ஐந்தடியில் பார்வதியம்மாள் எஞ்சினை அடைத்துவிட்டார். ராஜையன் அன்றைக்குச் சொன்னதேதான் நடந்தது. விமானம் சடாரென்று விழுந்து, ஒருமுறை குதித்து, மூக்கைப் புல்லில் குத்தி நின்றது. பார்வதியம்மாள் ஓடினார். சிறகுகளைத் தடவினார், சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். விசிறி மட்டும் ஒடிந்திருந்தது.

"சாரமில்ல, மாத்திரலாம்," என்றார் ராஜையன், பையிலிருந்து வேறு விசிறியை எடுத்துக்கொண்டே. "தப்பு எங்கன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. தரை தொடுகதுக்கு முன்னாலயே பயந்துட்டேன்."

இரண்டாவது முறை எட்டு நிமிடம் பறந்தது. பார்வதியம்மாள் மூன்று முறை தாழ வந்து பார்த்து, பிடிக்காமல் மேலே ஏற்றிக்கொண்டார். நான்காவது முறை எஞ்சினைக் கடைசி வரை ஓடவிட்டே இறக்கினார். சக்கரங்கள் புல்லில் ஈரக்கோடு போட்டபடி ஓடி நின்றன.

குற்றாலலிங்கம் டிபன் கேரியரைத் திறந்தார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ராஜையனுக்கு நான்கு எடுத்துவைத்துவிட்டு, மனைவிக்கும் ஓர் இலையை நீட்டினார். பார்வதியம்மாள் ரிமோட் பெட்டியைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சாப்பிட்டார். காற்று இன்னும் எழவில்லை. எரிபொருள் அரை டப்பாவுக்கு மேல் மிச்சம் இருந்தது.