இன்னொரு பெட்டிக் கண்ணாடி

அந்த ஆய்வுக்கூடத்தில் டெராஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பி அளக்கும் கருவியிடம் வேலை வாங்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கணவனும் அங்கேதான் ஆராய்ச்சி செய்தான். செய்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவன் வாயால் செய்வான், இவள் கையால் செய்வாள்.

வேலை இதுதான்: முதலில் வெறும் கண்ணாடித் துண்டு வழியாக டெராஹெர்ட்ஸ் துடிப்பை அனுப்ப வேண்டும். பிறகு அதே தடிமனில், மேலே வெள்ளி நானோ கம்பிகள் படிந்த துண்டு வழியாக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, கம்பிப் படலம் மின்சாரத்தை எப்படிக் கடத்துகிறது என்று கணக்குப் போடலாம். ஒருநாள் வெறும் துண்டு உடைந்துபோக, கணவன் இன்னொரு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான்.

“தடிமன் பாக்க வேண்டாமா?”

“நான் பாத்துட்டேன். எல்லாம் ஒண்ணுதான், போடு.”

கட்டின புருஷன் பேச்சாயிற்றே என்று நம்பித் தொலைத்தாள். யாரும் கண்டிராத முடிவு வந்தது. எலக்ட்ரான்கள் ஓடிப்போய் முட்டிக்கொண்டு திரும்புகின்றன என்று அவன் கட்டுரை எழுதினான். அதைக் காட்டித்தான் அவனுக்கு நிரந்தர வேலையும் அமைந்தது.

வேறொரு ஆய்வுக்கூடம் எங்களுக்கு அப்படி வரவில்லையே என்று கேட்டபோதுதான் அவள் இரண்டு துண்டுகளையும் அளந்து பார்த்தாள். தலைமுடித் தடிமனில் கால்வாசிகூட இல்லாத வித்தியாசம். அதிசயம் முழுவதும் கண்ணாடி செய்த வேலை. அன்றைக்கே கணவனிடம் சொன்னாள்.

“பேராசிரியர்கிட்ட நானே சொல்லிடறேன்” என்றான் கணவன். நன்றாகவே சொல்லியிருக்கிறான். மறுநாள் ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியர் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“தடிமனைப் பாக்கணும்னுகூடவா தெரியாது? உங்களால உங்க வீட்டுக்காரர் பேரும் கெட்டுது. இனிமே கருவி பக்கம் வராதீங்க. அவரே பாத்துக்குவார்.”

கணவன் பக்கத்திலேயேதான் நின்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். அந்த நிமிடமே அவன்மேல் இருந்த பிரியம் விட்டுப்போயிற்று.

“வேற என்ன செய்யச் சொல்ற? ஒருத்தர் வேலையாவது நிலைக்கணுமில்ல?” என்றான் வீட்டுக்கு வந்ததும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, காகிதமும் பேனாவுமாக வந்தான்.

“அந்தக் கருவில கதிரை எப்படி நேர்ப்படுத்தறதுன்னு கொஞ்சம் எழுதிக் குடேன். நாளைக்கு நான்தானே அளக்கணும்.”

“நான் தப்பா அளக்கறவ ஆச்சே. என்கிட்டப் போய்க் கேக்கலாமா?”

அதுவும் அவனுக்கு உறைக்கவில்லை.

“சும்மா வெளையாடாதே” என்று பேனாவை நீட்டினான்.