அடுப்பு காணாத முந்திரி

என் வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார். பெண் பார்க்க வந்தபோது இதைச் சொல்லித்தான் அவர்கள் தரப்பில் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குக் குடிப் பழக்கம் கிடையாது, பொய் பேசுகிற பழக்கமும் கிடையாது என்று அவருடைய பெரியப்பா அடித்துச் சொன்னார். குடிக்கிறவனோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம் என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மற்றதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

பெயின்ட் கம்பெனி குடோனில் சூப்பர்வைசராக இருந்தார். குடோனை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் பேப்பரைக் கரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். அப்புறம் ஒரு சின்ன கல் கிரைண்டரை வாங்கிவந்து வேர்க்கடலை, பாதாம் என்று வெண்ணெய் பதத்துக்கு அரைத்துப் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். ஓடியும் ஓடாமலும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்லரில் வேலை செய்துகொண்டிருந்ததால் அடுப்பு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் டயட் மேடம் வந்தாள். அடுத்த தெருவில் மாடியில் வகுப்பு நடத்துகிறவள். அடுப்பைப் பார்க்காத சாப்பாடுதான் உடம்புக்கு நல்லது என்பது அவள் பாடம். ஒரு கூட்டமே அவள் சொல்வதைக் கேட்டுப் பழமும் ஊறவைத்த விதையுமாக மென்றுகொண்டிருந்தது. எங்கள் முன்னறையில் உட்கார்ந்து, பாதாம் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"முந்திரி பட்டர் வெளியிலேர்ந்து வர்றது யானை விலைங்க. நிஜமாவே பச்சையா, கட்டுப்படியாகுற விலையில யாராவது பண்ணிக் குடுத்தா எங்க குரூப் மொத்தமும் அவங்ககிட்டதான் வாங்கும்."

"நான் பண்ணித் தரேன் மேடம்" என்றார் இவர். எப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். முந்திரிக்கொட்டை என்று இவருக்குச் சின்ன வயதில் இவர் அக்கா வைத்த பேர் சும்மா வைத்ததில்லை.

முந்திரி வாங்கப் போனவர் சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். எனக்கு முன்னாலேயே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"கடையில பச்சைன்னு விக்கிற எதுவுமே பச்சை இல்லம்மா. ஓட்டோட ஆவியில வேக வெச்சுட்டுத்தான் உடைக்கிறாங்க. ஓட்டுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்காம். வேக வைக்காம உடைச்சா அது தோலை அரிச்சுடுமாம்."

"அப்போ அதையே வாங்கி அரைங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தி அப்படி.

மறுநாள் முந்திரி உடைக்கிற கொட்டகைக்கே போய், வேக வைக்காமல் உடைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அங்கே வேலை செய்கிற பெண்கள் சிரித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் கறுத்துப்போன கையை விரித்துக் காட்டியிருக்கிறார்கள். "வேணும்னா உங்க வீட்டு ஆளுங்கள வெச்சு உடைச்சுக்குங்க" என்று ஒருத்தி சொன்னாளாம். அவள் கேலிக்குச் சொன்னாள். இவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

ஓட்டோடு இருக்கிற கொட்டை மலிவுதான். மூட்டை மூட்டையாக வந்து பின்னறையில் இறங்கியது. பலகையில் பொருத்திய ஒரு வெட்டுக் கருவியும் வந்தது. இடது கையால் கொட்டையைக் கத்தி நடுவில் வைத்து, வலது கையால் பிடியை அமுக்கினால் ஓடு பிளக்கும். பிளந்ததும் தேன் நிறத்தில் ஒரு எண்ணெய் கசியும். அதைத் தொடாமல் பருப்பை நெம்பி எடுக்க வேண்டும். தொடாமல் எடுக்கிற வித்தை இன்னும் யாருக்கும் கைவந்திருக்காது என்று நினைக்கிறேன்.

முதல் நாள் அவரேதான் உடைத்தார். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் வீங்கி, உதடு தடித்து, பால்காரர் அடையாளம் தெரியாமல் சார் இல்லையா என்று அவரிடமே கேட்டார். பிறகு நான் உட்கார்ந்தேன். பார்லரிலிருந்து வந்து, சமையலை முடித்துவிட்டு உட்கார்வேன். ஒரு வாரம் போயும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எனக்குத்தான் அலர்ஜிம்மா. உன் உடம்புக்கு ஒத்துக்குது" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பட்டர் மற்றவர்களுடையதைவிட மலிவாக இருந்ததற்கு இதுதான் காரணம். உடைக்கிற கூலி என்று ஒன்று கணக்கிலேயே வரவில்லை.

உடைத்த பருப்பில் சிவப்புத் தோல் இருக்கும். சூடு காட்டினால் அது தானாகக் கழன்று வருமாம். இங்கேதான் சூடு கூடாதே. சின்னக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுப்பேன். தடிமனான கையுறை போட்டால் பருப்பு பிடிபடாமல் நொறுங்கியது. மெல்லிய உறை போட்டால் எண்ணெய் உள்ளே இறங்கியது. அவர் கிரைண்டர் பக்கத்தில் ஒரு வெப்பமானியோடு உட்கார்ந்திருப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அடிக்கடி விட்டுப் பார்ப்பார். கொஞ்சம் சூடேறினாலும் மெஷினை நிறுத்திவிட்டு, என் பக்கம் இருந்த மின்விசிறியை எடுத்து அதன் பக்கம் திருப்பி வைப்பார்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருவம் திருத்துவது, முகத்துக்கு மசாஜ், முடி வெட்டு எல்லாம் செய்வேன். ஆனால் என் பேர் நின்றது மசாஜில்தான். நெற்றியில் விரலை வைத்ததுமே தூங்கிவிடுகிறவர்கள் உண்டு. பார்லர் முதலாளி அக்கா இரண்டாவது கிளை திறக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது உன் கடை. சாவிய உன்கிட்ட குடுத்துட்டு நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தாள். புதுக்கடையில் எந்த நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்றுகூட நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இன்னொருத்தி கடையில் நின்றுகொண்டே வேலை செய்தவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் விரல் நுனிகள் பழுப்பாயின. பிறகு கறுத்தன. பிறகு உள்ளங்கையில் தோல் வட்டம் வட்டமாக உரிந்தது. ஒருநாள் வழக்கமாகத் தூங்கிவிடுகிற ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மசாஜுக்கு நடுவில் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன கை இது, சொரசொரன்னு? இது தொத்துமா?"

தொற்றாது என்றேன். அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். முதலாளி அக்கா என்னைத் திட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கு டவல் எடுத்துக் குடுக்கிற வேலைய பார்த்துக்கோ" என்றாள். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர், அந்த எண்ணெயைத் தொடாமல் இருந்தால் ஆறும், தொட்டால் ஆறாது என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன்.

"இந்த ஆர்டர் மட்டும் முடிச்சுடலாம்மா" என்றார்.

அந்த ஆர்டர் முடிந்ததும் அடுத்த 'இந்த ஆர்டர் மட்டும்' வந்தது. மூன்றாவது முறை நான் அழுதேவிட்டேன். "குக்கர்ல வெச்சு ஒரு தடவ ஆவி காட்டிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். புதுக்கடை திறக்கிறதுக்குள்ள என் கை ஆறணும்."

"அவங்க என்னை நம்பி வாங்குறாங்க. எப்படிம்மா ஏமாத்துறது?"

நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னார். அவரை நம்பினவர்களில் நான் சேர்த்தி இல்லை. நான் காசு கொடுத்து வாங்கவில்லையே.

ஏன் உடைத்தாய் என்று கேட்பீர்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டை வீட்டுக்குள் இருக்கிறது, முன்பணம் வாங்கியாகிவிட்டது, மனுஷன் வேலை போனதிலிருந்து முதல்முறையாகக் காலையில் சவரம் செய்துகொள்கிறார். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் உடைத்தேன்.

புதுக்கடை திறந்தார்கள். சாவி, புருவம் திருத்த நூல் பிடிக்க நான் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குப் போயிற்று. பாவம், அவள் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டாள். ரிப்பன் வெட்டும்போது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டினால் வெடிப்பில் வலித்தது. கூட்டம் கலைந்ததும் முதலாளி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கை நல்லா ஆனப்புறம் வாம்மா. டவல் வாங்கும்போதும் எல்லாரும் உன் கையத்தான் பார்க்கிறாங்க" என்றாள்.

அந்த வாரமே டயட் மேடம் பாட்டிலும் கையுமாக வந்து நின்றாள். உதடு இரண்டும் தடித்திருந்தன. வகுப்பில் இன்னும் சிலருக்கும் அப்படியே என்றாள்.

"என்னத்தங்க கலந்தீங்க?"

"ஒண்ணுமே கலக்கல மேடம். ஓட்டு எண்ணெய் எங்கயாவது லேசா பட்டிருக்கும். ஆவி காட்டாம உடைக்கிறோம்ல, அதான்."

மேடம் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "நிஜமாவே ஆவி காட்டாமயா உடைக்கிறீங்க?"

"சத்தியமா மேடம்" என்றார் இவர். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"யாருங்க உங்கள அப்படிப் பண்ணச் சொன்னது?"

"நீங்கதான? நிஜமாவே பச்சைன்னு..."

"அட, அது எல்லாரும் சொல்றதுதாங்க! ஆவி காட்டாத முந்திரின்னு உலகத்துல எங்க இருக்கு? எனக்கு அதுகூடத் தெரியாதா? வறுக்காம, உப்பு போடாம இருந்தா அதுக்குப் பேரு பச்சை. நீங்க விலை கட்டுப்படியா குடுக்கிறீங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

நான் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். வாங்கப் போனவள் என் விரல்களைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"கையில என்ன?"

"உங்க முந்திரிதான் மேடம்."

"கிளவுஸ் போட்டுக்கக் கூடாதா?" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, இனிமேல் ஒழுங்காக ஆவி காட்டிச் செய்யச் சொல்லி, பாட்டில் மேல் மட்டும் 'நிஜப் பச்சை' என்று பெரிதாக எழுதிவிடச் சொன்னாள். வகுப்பில் அதைக் கேட்கிறார்களாம். அடுத்த ஆர்டரையும் சொல்லிவிட்டுப் போனாள்.

இவர் என்னிடம் வருவார், கையைப் பிடிப்பார், ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் குக்கரைத் தேடினார்.

ஆவி காட்டி ஆறவைத்த முதல் கொட்டையை அவரே உடைத்தார். ஓடு பொக்கென்று விட்டது. "பாரேன், எவ்வளவு லேசா வருது! எண்ணெயே தெறிக்கல. இத முன்னாடியே பண்ணியிருக்கலாம்."

"நான் முன்னாடியே சொன்னேன்."

"அப்போ நிலைமை வேறம்மா" என்றார்.

புது ஆர்டருக்கு அரைத்து அடைத்து, பாட்டில்களை மேசைமேல் வரிசையாக வைத்தோம். ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. எழுதுவதுதான் பாக்கி. மார்க்கர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கைக்காக ஒருநாளும் கலங்காத கண்.

"வேக வெச்சுட்டு எப்படிம்மா பச்சைன்னு எழுதுறது? எனக்கு மனசு வரல." பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீயே எழுதிடேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

"உங்க உண்மைக்கும் என் கை. இப்போ உங்க பொய்க்கும் என் கையா?"

நான் பேனாவை எடுத்தேன். மடக்கியதும் ஆள்காட்டி விரல் வெடிப்பு விட்டுக்கொண்டது. முதல் பாட்டிலை இழுத்து, 'ஆவியில் வேகவைத்தது' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். இரண்டாவதிலும் எழுதினேன்.

"ஐயோ, என்னம்மா இது? இப்படி எழுதினா ஒருத்தர் வாங்க மாட்டாங்க."

"பொய்யா எழுதியிருக்கேன்? பொய்யின்னா அழிச்சிடுங்க."

துணியை எடுத்தார். பாட்டிலைக் கையில் வாங்கினார். எழுதியிருந்ததை வாய்க்குள்ளேயே ஒருமுறை படித்தார். துணியைக் கீழே வைத்துவிட்டார். அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

பார்லர் வேலையும் இல்லை, இதுவும் படுத்தால் வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. அது தெரிந்துதான் மிச்சப் பாட்டில்களையும் இழுத்து வைத்துக்கொண்டு எழுதினேன்.