மூன்றாம் நிலையாக இருக்கலாம்

குடும்ப வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி: தையல்காரரின் மலக்குடலுக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கப்பட்டுவிட்டது. அதற்குத் தலைவர், செயலாளர், பேச்சாளர் எல்லாமே அவர் மனைவியின் அண்ணன்தான். எம்ஆர்ஐ அறிக்கையின் மேல்பாதியை மட்டும் வாசித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பிரகடனம் செய்தார்: மூன்றாம் நிலைப் புற்று, நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவல்.

தையல்காரருக்கு உயிரைவிட விரல்மேல்தான் கவலை. கட்டி சற்று மேலே இருப்பதால் முதலில் ஆபரேஷன். வெட்டி எடுத்ததைச் சோதித்து, முடிச்சுகளில் புற்று இருந்தால் ஆறு மாதம் மருந்து ஏற்றுவது. டாக்டரம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். அந்த மருந்தில் விரல்நுனி மரத்துப்போகலாமாம். மரத்த விரலை வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்த மாதிரிதான்.

"அத்தனை பெரிய மிஷின் தப்பாச் சொல்லுமா டாக்டரம்மா?" என்று கேட்டார் தையல்காரர்.

"பல நேரம் சரியாச் சொல்லும். சில நேரம் கூட்டிச் சொல்லும். கட்டியைச் சுத்தி வெறும் வீக்கம் இருந்தாலும் பரவின மாதிரியே தெரியும். முடிச்சு பெருத்திருந்தா சந்தேகப்படும். பெருத்ததெல்லாம் புற்று இல்லை. சமயத்துல குறைச்சும் சொல்லிடும்."

"அப்ப நம்ம தொழில்தான். நானும் ரெண்டு விரல் தளர விட்டுத்தான் அளவெடுப்பேன்."

"விளையாடாதீங்க மாப்ள," என்றார் மைத்துனர். "அது காரணமில்லாமயா சந்தேகப்படும்?"

"உங்க தங்கச்சியும் முப்பது வருஷமா என்னைச் சந்தேகப்படறா மச்சான். ஒண்ணும் அகப்படலை."

"ஒழுங்காத் தேடலை," என்றாள் மனைவி.

ஆபரேஷன் முடிந்தது. முடிவுக்காகக் காத்திருந்த பத்து நாளும் தையல்காரர் தலையணை உறையின் ஓரத்தை விரல்களால் தடவித் தடவி, நூலை எண்ணிக்கொண்டு கிடந்தார். குழுவிலோ மைத்துனர் தினமும் மூன்று ஆறுதல் படங்கள் அனுப்பினார். எல்லாவற்றிலும் சூரியன் அஸ்தமித்துக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் டாக்டரம்மா தாளோடு வந்தார். "பதினாலு முடிச்சு எடுத்தோம். ஒண்ணுலயும் புற்று இல்லை. கட்டியும் குடல் சுவரைத் தாண்டலை. வெளிய தெரிஞ்சது வெறும் வீக்கம். முதல் நிலைதான். மருந்து வேண்டாம்."

"விரல்?"

"உங்களோடதுதான். எடுத்துட்டுப் போங்க."

தையல்காரர் பத்து விரலையும் விரித்துப் பார்த்தார், புதிதாகத் தைத்து வந்த சட்டையைப் பார்ப்பதுபோல. மனைவி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்கும் சேர்த்து அவரைத் திட்டினாள்.

மைத்துனர் விடவில்லை. ஸ்கேன் டாக்டரையே தேடிப்பிடித்து இழுத்துவந்தார். "மூணாவது நிலைன்னு எழுதினீங்களே, எந்தத் தைரியத்துல?"

அவர் நிதானமாக அறிக்கையின் கீழ்ப்பாதியைக் காட்டினார். "பரவல் இருக்கலாம், உறுதியில்லைன்னு எழுதியிருக்கேனே. வாசிக்கலையா சார்?"

குழுவின் பெயர் அன்றே 'மாபெரும் வெற்றி' என்று மாறியது. வெற்றி யாருடையது என்று விளக்கி மைத்துனர் நீண்ட உரை ஒன்றும் பதிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அதே மிஷினில்.