கச்சான் காற்றும் ஒரு மாரடைப்பும்

...நெஞ்சு நோகுது எண்டு சொன்னாவா என்று முதலில் கேட்டது தான்தான், அதில் சந்தேகமே இல்லை, கேதீஸ்வரி அதுவரைக்கும் நெஞ்சைப் பற்றி வாயே திறக்கவில்லை, வேறு என்னவோ அல்லவா சொல்லிக்கொண்டிருந்தாள்... ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்து, காற்றில் படபடத்த தாளை முழங்கையால் அமத்திக்கொண்டு, திடீர் மரண விசாரணை அதிகாரி டொமினிக் எழுதியதைத் திரும்ப வாசித்தார். இறந்தவர் கண்ணகை, வயது நாற்பத்து நான்கு, கிரான், றோட்டில் நெல் காயப்போடும் வேலை. கூட வேலை செய்த கேதீஸ்வரியின் சாட்சியம்: பகல் பன்னிரண்டரைக்கு நெஞ்சு நோவதாகச் சொல்லி விழுந்தார். விழுந்தது சரி. சொன்னது? "தண்ணி தா எண்டா ஐயா, மறுகா என்னென்னவோ உளறினா, வேர்வையே இல்ல, தொட்டா உடம்பு கொதிக்குது" என்பதுதான் அவள் சொன்னது. அப்போது பார்த்து இந்தப் பாழாய்ப்போன வாய் கேட்டது. அவள் கண்ணகையின் புருஷன் கோணாமலையை ஒருதரம் பார்த்தாள், அவன் தலையை ஆட்டினான், "ஓம் ஐயா, நெஞ்சும் நோகுது எண்டா" என்றாள்.

ஏன் கேட்டாய் டொமினிக்? கோணாமலை வந்த நேரத்திலிருந்து கூப்பிய கையை இறக்கவில்லை, "வெட்டாமத் தாங்க ஐயா, அவள வெட்டாமத் தாங்க" என்று ஒரே பாட்டு, பிரேதப் பரிசோதனை என்றால் டாக்குத்தர் வர நாளையாகும், இந்த வெக்கையில் நாளை வரைக்கும்... நெஞ்சு என்றால் இயற்கை மரணம், ஒரு கையெழுத்து, பின்னேரமே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஊருக்கே இது பாடம். அதைச் சொல்லிக்கொடுத்தது யார், பதினொரு வருடமாகக் கேட்டுக் கேட்டு நான்தானே... போன கிழமை செங்கல் அறுத்தவனுக்கும் நெஞ்சு, அதற்கு முன்னால் வயல் வட்டையில் வரம்பு கட்டியவனுக்கும் நெஞ்சு. மூன்றும் நடுப்பகலிலா? மூன்றும் இந்தக் கச்சான் காற்றுக்குள்ளேயா? "இண்டைக்கு வெளியில திரியாதீங்க" என்று பெண்சாதி பீற்றிஸ் காலையில் கத்தினாள், பெண்சாதி பேச்சை எந்தப் புருஷன் கேட்டான்.

ஆடி மாதம், நுவரெலியாவில் படிப்பிக்கும் மகள் டினுஷா போன் எடுத்தால், குளிருது அப்பா, ஒரே மழை என்கிறாள், அதே காற்றுத்தான், கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்க இறங்கச் சூடேறி, இங்கே வந்து வாவியையும் ஆட்களையும் சேர்த்து வறுக்கிறது... நெல்லுக்கு மட்டும் நல்ல காற்று, மூன்று நாளில் காய்வது ஒன்றரை நாளில் காய்ந்துவிடும், அதனால்தான் கச்சான் அடிக்க அடிக்க ஆட்களை றோட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆள் நிழலில் இருக்கவேண்டிய நேரம்தான் வேலை கூட, இது என்ன கோதாரி! இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது? கோணாமலையின் கண்ணைப் பார்த்தார். பாவமாக இருந்தது. கையெழுத்தைப் போட்டு முத்திரையையும் குத்தினார்.

கோணாமலை தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாகனத்தை நோக்கி ஓடினான். நல்லதுதான் செய்திருக்கிறேன், ஆண்டவரே, நல்லதுதானே... குடையை எடுத்துக்கொண்டு எழும்பியபோது கேதீஸ்வரி இன்னும் தூணோடு நின்றாள்.

"ஐயா, அவவுக்கு நெஞ்சுதானே? வெயில் இல்லத்தானே?"

"நீதானே சொன்னாய்."

"நான் சொன்னத உடுங்க, அந்த மனிசன் அழுதுது, சொன்னன். நீங்க பாத்துத்தானே எழுதினீங்க? எனக்கும் முந்தநாள் தலை சுத்தி வேர்வை நிண்டுபோச்சு, நல்லாப் பயந்துட்டன். நாளைக்கு அவட பங்கு நெல்லையும் நான்தான் கிளறணுமாம், முதலாளி சொல்றார். நெஞ்செண்டா எனக்கு ஒண்டுமில்ல, போகலாம்தானே?"

செத்தவர்களைப் பற்றித்தான் இத்தனை நாளும் எழுதுகிறேன் என்று நினைத்தேனே... போகாதே என்றால், அப்ப ஏன் நெஞ்செண்டு எழுதினீங்க என்பாள். போ என்றால்? வாகனத்தின் பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது, இன்னும் கிளம்பவில்லை, கூப்பிட்டால் கோணாமலை திரும்பிப் பார்ப்பான், தாள் அவன் கையில்தான் இருக்கிறது. கேதீஸ்வரி பதிலுக்குக் காத்து நின்றாள்.