கொலோனில் ஒரு சிவப்பு விளக்கு

ஜெர்மனியின் கொலோன் நகரில், பேராலயத்துக்குப் பின்புறச் சாலையில், நடப்பவர்களுக்கான விளக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குச் சிவப்பானது, அதன்பின் மாறவில்லை. யாரும் கடக்கவுமில்லை. வண்டியே வராத நேரங்கள் உண்டு. ஆனால் ஓரத்தில் எப்போதும் ஏதாவதொரு குழந்தை நின்றது. குழந்தை பார்க்கச் சிவப்பில் கடக்கும் ஆள் அந்த ஊரில் கிடையாது. சுற்றிப் போனவர்களை எல்லாத் தெருக்களும் அதே ஓரத்தில் கொண்டுவந்து விட்டன. எதிர்ப்பக்கம் வீடுள்ளவர்கள் இந்தப் பக்கம் வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

வடக்கே ஹூசுமிலிருந்து தங்கையைப் பார்க்க வந்த வீப்கே அந்த ஓரத்தில்தான் மாட்டினாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் அந்தத் தங்கை கேசா நின்றாள். அவர்கள் அம்மா இறந்ததைச் சொல்லி வீப்கே போட்ட கடிதம் கேசாவுக்கு அடக்கம் முடிந்த பிறகே கிடைத்திருந்தது. அதைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நாலு மணி ரயிலைப் பிடிப்பதாக வீப்கே திட்டமிட்டிருந்தாள். அவள் எங்கும் உட்கார்ந்து பழகாதவள். விருந்தில் மற்றவர்கள் தட்டைத் தொடும்போதே கோட்டை மாட்டிவிடுவாள். ரயில் நிலையம் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. தினமும் நாலு மணிக்கு அவள் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. தினமும் அவற்றைத் திருப்பி நிறுத்தினாள்.

"அக்கா, ரயிலுக்கு நேரமாகலையா?" என்று கேசா கத்துவாள்.

"இப்ப மாறிடும்டி!"

ஏழு ஆண்டுகள் போயின. முனைக்கடைப் பரிசாரகர் டிரியஸ் சின்னக் கிளாஸ்களில் பியர் கொண்டுவந்துகொண்டே இருந்தார். "அடியில இருக்கிற அட்டைய எடுத்து கிளாஸ மூடும்மா, நிறுத்திடறேன். மூடாம என்னைய மொறைச்சா எப்படி?" திருவிழா ஊர்வலங்கள் மிட்டாய் வீசிப் போயின. பேராலயத்துச் சாரம் ஒரு கோபுரத்திலிருந்து மறு கோபுரத்துக்கு மாறியது. வீப்கே எல்லாவற்றையும் தங்கையிடம் கத்தினாள்: மணியோசை பல்லில் உறைக்கிறது, ஆற்றுக் காற்றில் டீசல் அடிக்கிறது, இந்தக் கூட்டத்துக்குத் தூக்கமே கிடையாதா. சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. அதைக் காதோடு சொல்வதாக இருந்தாள். கத்திச் சொல்ல முடியும் என்று நினைத்ததில்லை.

எட்டாம் ஆண்டு மார்ச் மாதம், டிராம் ஒன்று கடந்து போன இடைவெளியில், வாய் தானாகத் திறந்தது.

"கேசா! அந்தக் கடுதாசி தபால்ல லேட்டாகல. மூணு நாள் என் பையிலயே வெச்சிருந்தேன். நீ வந்து அழுதா, அம்மா உன்னோட அம்மாவா மட்டும் ஆயிடுவாளோன்னு..."

டிரியஸ் தட்டை இறக்கவில்லை.

"தெரியும்," என்றாள் கேசா. "தபால் முத்திரையில தேதி இருந்துச்சே."

"அப்புறம் ஏன்டி கேக்கல?"

"நீ எப்ப சொல்வேன்னு பாத்துட்டிருந்தேன். பத்து நிமிஷம் ஒரு எடத்துல நின்னவளா நீ? சரி, வா."

"சிவப்புடி!"

"வா."

வீப்கே சாலையில் இறங்கினாள். மஞ்சள் ரப்பர் காலணி போட்ட ஒரு சிறுமி அவளையே பார்த்தாள்.

"ஏம்மா, குழந்தை பாக்குதுல்ல!" என்று சிறுமியின் தாய் கூவினாள்.

"பாக்கட்டும்," என்றாள் வீப்கே, திரும்பாமல்.

அவள் மீது மாநகராட்சி புகார் ஒன்றைப் பதிவு செய்தது. விளக்கு இன்றும் சிவப்புதான். நிற்பவர்களுக்காக அங்கே இப்போது மூன்று பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். மழைக்கு ஒரு கூரையும் உண்டு.