ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே கம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டட வேலையில் இரும்புக் கம்பி வளைத்துக் கட்டுகிறவர் அவர். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது, கம்பி என்றால்தான் திரும்புவார். உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் வாசலுக்குப் போய் வேனைப் பார்த்தார்.

வேன் ஓட்டுவது அவர் மனைவி. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்கிற ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் போவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரேக்கை மிதித்தால் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். வீட்டுக்கு முன்னால் இருக்கிற இறக்கத்தில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க் குப்பைத் தொட்டியில் முட்டித்தான் நின்றது.

"நல்லவேளை, தொட்டி" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

தெருமுனை மெக்கானிக்குக்கு 'நாளைக்கு' என்றே பட்டப்பெயர். எதைக் கொண்டுபோனாலும் அந்த ஒரு வார்த்தைதான் வரும். ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்கமாட்டார். திங்கள் காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பியாக வேண்டும்.

"பிரேக் கட்டைய நானே மாத்துறேன்" என்றார் கம்பி.

"ஃபேனைக் கழட்டி மாட்டினீங்களே, அதுல மிச்சம் வந்த மூணு ஸ்க்ரூ இன்னும் டப்பாவுல கெடக்கு."

"ஃபேன் ஓடுதா இல்லையா?"

"ஓடுது. அடியில படுக்கத்தான் பயமா இருக்கு."

புதுப் பிரேக் கட்டை வாங்கியாயிற்று. கழற்றுவதற்குத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை. ஒரு குறடு, பிடி உடைந்த திருப்புளி, அவ்வளவுதான். ஒரு டூல் செட் வாங்கிவிட்டால் இனி 'நாளைக்கு' வாசலில் தவம் கிடக்க வேண்டாம். ஆனால் எந்த செட்?

முன் சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு, தரையில் படுத்து உள்ளே பார்த்தார். பிரேக் கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஸ்பேனர் பிடிக்க வழியில்லை. நடுவில் ஆறு மூலையாக ஒரு குழி. அந்தக் குழிக்குள் நுழைகிற ஆலன் சாவிதான் வேண்டும். அளவு தெரியவில்லை. துணி சோப்பில் ஒரு துண்டு வெட்டி, நுனியைச் சீவி, குழிக்குள் அழுத்தி எடுத்தார். ஆறு மூலையோடு ஒரு முளை வந்தது. பாட்டரிக்கும் ஆகட்டுமென்று அதே சோப்பின் மறுமுனையில் பாட்டரி போல்ட்டின் தலையையும் அச்சு எடுத்துக்கொண்டார். அது பத்து மில்லி. 'நாளைக்கு' பாட்டரியைத் தொடும்போதெல்லாம் "பத்து எங்க, பத்து எங்க" என்று தேடுவது தெருவுக்கே தெரியும்.

முளையை விரலில் உருட்டிப் பார்த்தார். இருபது வருஷமாகக் கம்பி பிடிக்கிற விரல். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆறு மில்லி, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று சொல்லிவிடும். இன்றைக்கு அது வாயே திறக்கவில்லை. ஆறுக்குத் தடிமன், எட்டுக்கு ஒல்லி. கம்பி வேலையில் ஆறுக்கு அடுத்தது எட்டு. அப்படியானால் எட்டுதான், சோப்பு காய்ந்து சுருங்கியிருக்கும் என்று முடிவுகட்டினார்.

கடைக்கு மச்சானும் கூட வந்தான். மனைவியின் தம்பி, டைல்ஸ் ஒட்டுகிறவன். வாய் மட்டும் ஒட்டாது. சனிக்கிழமை இரண்டு மணியோடு கடை சாத்திவிடுவார்கள், மறுநாள் விடுமுறை.

சோப்பைப் பார்த்ததும் கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். "யார் வீட்டுச் சாவிங்க இது? போலீஸ் கேட்டா நான் உங்களைப் பாக்கவே இல்ல."

விலை ஒன்றாக இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று பெரியது, பளபளப்பு, இருநூற்றுப் பதினாறு சாமான். இன்னொன்று சின்னது, நாற்பத்தாறு.

"பெருசுல பாதி இஞ்ச் அளவு. உங்க வேன்ல ஒண்ணுக்கும் பிடிக்காது. மீதியில பெரும்பாலும் திருப்புளி முனை. சின்னதுல நடுவுல ஒரு அளவும் விடாம இருக்கும். போல்ட்டுல மாட்டினபடியே முன்னும் பின்னும் ஆட்டித் திருகுற பிடி, இந்த ராட்செட்டு. திருப்பிப் பாருங்க."

திருப்பினார். சின்னப் பெட்டியின் ராட்செட் நெல் கொறிக்கிற மாதிரிப் பொடிப்பொடியாகச் சத்தம் போட்டது. பெரியதில் கடகடவென்று ஆட்டம்.

"வண்டிக்கு அடியில கை வீச எடம் இருக்காதுங்க. துளி திருப்பினாலே பிடிக்கணும்" என்றாள். அதற்குள் வேறு ஆள் கூப்பிட, அந்தப் பக்கம் போனாள்.

"மாமா, ஒரே காசு" என்று மச்சான் காதைக் கடித்தான். "நூத்தி எழுபது சாமானைக் கடைக்கே தானம் பண்ணிட்டு வரப்போறீங்களா?"

கம்பி பெரிய பெட்டியின் ஆலன் சாவிகளைப் பார்த்தார். ஆறு, எட்டு, பத்து. தன் வேலையில் வருகிற அதே வரிசை. தெரிந்தவர்களைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி மனசு ஆறியது. பெரியதையே வாங்கிவிட்டார்.

அந்த நிம்மதி பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட வரவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார், தூக்கினார், மறுபடி வைத்தார். விரல் சட்டைப்பைக்குள் சோப்பையே நிரடிக்கொண்டிருந்தது.

"மாப்ள, பெட்டியத் தொற."

"இங்கயேவா? பஸ் வந்துரும் மாமா."

எட்டாம் சாவியை முளையின் பக்கத்தில் வைத்தார். பெரிது. ஆறாம் சாவி சிறிது.

"சோப்பு சுருங்கிருச்சு மாமா, வர்ற வழியில நீங்கதானே சொன்னீங்க?"

கம்பி சோப்பைத் திருப்பினார். மறுமுனையில் பத்தின் அச்சு. பத்தாம் சாவியின் முனையை அதில் வைத்து மெல்ல அழுத்தினார். ஒரு மூலை பிசகாமல் உள்ளே உட்கார்ந்தது. சோப்பு சுருங்கவே இல்லை.

இந்தப் பெட்டியோடு வீட்டுக்குப் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு வானத்தைத் திட்டத்தான் முடியும்.

ஓடினார். பின்னால் மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"பிரிச்ச பெட்டியத் திருப்பி எடுக்கமாட்டேங்க" என்றாள் கடைக்காரம்மா.

"ஆறு பொம்பளைங்க ஏறுற வண்டிம்மா. ஓட்டுறது என் பொண்டாட்டி. பிரேக்கு பிடிக்கல" என்றார் கம்பி. வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அவள் ஷட்டரை விட்டுவிட்டுச் சோப்பை வாங்கினாள். சின்னப் பெட்டியிலிருந்து ராட்செட்டில் மாட்டுகிற ஓர் ஆலன் முனையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே தடிமன்.

"ஏழு."

"ஏழா? ஏழுன்னு ஒண்ணு இருக்கா?"

"ஏங்க, நீங்க ஆறுக்கப்புறம் எட்டா எண்ணுவீங்க?"

"எங்க வேலையில அப்படித்தாம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாத்தித் தர்றேன். ஆனா இருநூத்திப் பதினாறும் இருக்கான்னு எண்ணி வைக்கணும்." மச்சானைப் பார்த்தாள். "தம்பி எண்ணட்டும்."

மச்சான் தரையில் உட்கார்ந்து எண்ணினான். நூற்றுச் சொச்சத்தில் கணக்கு விட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தான். ஜென்மத்தில் அன்றைக்குத்தான் அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் முனை குழிக்குள் டக்கென்று இறங்கியது. போல்ட் அசையவில்லை. ராட்செட் பிடியில் ஒரு குழாயை மாட்டி இழுத்தார். அசையவில்லை. மனைவி வந்து குழாயின் நுனியில் காலை வைத்து ஒரே மிதி. கிறீச்சென்று கத்திவிட்டு இளகியது.

"பிரேக்கைவிட இத மிதிச்சதுதான் ஜாஸ்தி" என்றாள்.

இரண்டு பக்கமும் கட்டை மாற்றி முடிக்க மத்தியானம் ஆயிற்று. இந்தத் தடவை ஒரு போல்ட்டும் மிச்சமில்லை. அவள் பிரேக்கைப் பலமுறை மிதித்து அழுத்தம் வந்த பிறகு, மெல்ல இறக்கத்தில் விட்டாள். கம்பி குப்பைத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"தள்ளி நில்லுங்க" என்று கத்தினாள். "தொட்டின்னா வேற வாங்கிக்கலாம்."

வண்டி சத்தமில்லாமல் நின்றது. தொட்டி இன்னும் பத்தடி தள்ளி இருந்தது.

அதோடு விட்டுவிடலாம்தான். விட முடியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு தடவை, பொழுது சாய்ந்ததும் ஒரு தடவை போல்ட்டின் இறுக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். திங்கள் காலை ஐந்து மணிக்கு வெளியே வந்தால், மனைவி முன் சக்கரத்துப் பக்கத்தில் ராட்செட்டோடு குந்தியிருந்தாள்.

"நீயுமா?"

"எனக்கு இதான் மொதத் தடவை. உங்களுக்கு?"

"மூணாவது."

"அப்ப இதோட நாலு. வந்து பாருங்க."

பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. கை துடைத்துக்கொண்டே பக்கத்து இருக்கையில் ஏறி, சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"வேலைக்குப் போகலையா?"

"இன்னைக்கு ஒரு நடை கூட வர்றேன்."

ஆறு பெண்களும் ஏறினார்கள். "அண்ணன் எதுக்கு, எங்களுக்குக் காவலா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வண்டி இறக்கத்தில் இறங்கியது, முனையில் நின்றது, திரும்பியது, மறுபடி நின்றது. அவள் மிதித்த ஒவ்வொரு தடவையும், பிரேக் இல்லாத பக்கத்தில் கம்பியின் வலது காலும் தகரத்தை அழுத்தி மிதித்துக்கொண்டே வந்தது.