வாசலில் உட்கார்ந்தவர்கள்

பழைய போதகர், தன்னை அடக்கம் பண்ணின அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எப்போதும்போல ஆராதனைக்கு முன்னதாகவே வந்து, சபையின் முன்வாசலில் தன் மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். செத்துப்போனவர் என்பதால் யாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உயிரோடு இருந்த காலத்தில், வெளியூரிலிருந்து யார் பிரசங்கம் பண்ண வந்தாலும் அந்த நாற்காலிக்கு முன்னால் நிறுத்தி, யார் அனுப்பினது, எந்த வசனம் என்று துருவிக் கேட்டு, பதில் சரியாக இருந்தால்தான் குறுக்கே நீட்டிய காலை மடக்கி வழிவிடுவார். செத்த பிறகு கேள்வியை விட்டுவிட்டார், காலை விடவில்லை. நல்ல உபதேசக்காரர் வந்தால் கால் தானே மடங்கும். கள்ளப் போதகன் வந்தால் நீண்டே கிடக்கும். தாண்டினாலும் தாண்டினவன் தெருவிலேயே நிற்பான். ஒருவன் காலையிலிருந்து மத்தியானம் வரை தாண்டிப் பார்த்துவிட்டு, செருப்பு அறுந்ததுதான் மிச்சம் என்று பஸ் ஏறிப் போனான். இப்படிப் பல வருஷம் சபைக்கு ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததால் காவல் எதற்கு என்பதும் மறந்துபோயிற்று.

அப்போதுதான் வெள்ளை ஷூக்காரர் வந்தார். போன இடமெல்லாம் கூட்டம், கூட்டத்துக்கு ஏற்ற குரல். முன்வாசலில் கால் மடங்கவில்லை. கமிட்டியார் நாற்காலியோடு பழைய போதகரைத் தூக்கி ஓரமாக வைக்கப் பார்த்தார்கள். அசையவில்லை. பொருளாளராக இருந்த சிமெண்ட் கடைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "தானும் படுக்கமாட்டாரு, தள்ளியும் படுக்கமாட்டாரு" என்று திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துக்கொண்டார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்த செயலாளர்தான் யோசனை சொன்னார். "அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? பக்கத்துச் சுவரை இடிச்சு ஒரு வாசல் வச்சுட்டாப் போச்சு. அவர் மனசும் நோகாது." என்ன ஒரு பெருந்தன்மை என்று எல்லாரும் மெச்சினார்கள். கால் ஏன் மடங்கவில்லை என்று கேட்டது ஒரே ஒரு ஆள்தான், செயலாளரின் மனைவி. அவள் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். "காரணம் இல்லாமலா நீட்டியிருப்பாரு?" என்றாள். அது பழைய காலத்து மனுஷன், சிரித்துப் பேசினாலே பிடிக்காது என்று சொல்லிவிட்டு செயலாளர் கை கழுவப் போனார்.

வெள்ளை ஷூக்காரர் புது வாசல் வழியாக உள்ளே வந்து பிரசங்கம் பண்ணினார். கரண்ட் இல்லாமலே மின்விசிறிகள் சுற்றின. காற்று மட்டும் வரவில்லை. காற்று வரவில்லையே என்று யாரும் சொல்லவில்லை. வியர்க்க வியர்க்க அல்லேலூயா சொன்னார்கள். மாத்திரை போடுகிறவன் கடவுளை நம்பாதவன் என்று அவர் சொன்ன அன்றைக்குச் சபையாரின் மருந்தெல்லாம் பீடத்தின் கீழே வந்து குவிந்தது. செயலாளரின் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. ஊசி இல்லாமல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. செயலாளர் வீட்டிலிருந்தே ஒன்றும் வரவில்லையே என்று ஆளுக்கு ஆள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜ் கதவில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்த மருந்துக் குப்பிகளை எடுத்தார். "உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?" என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றார். "எனக்கு அந்த ஆள் மேல இல்ல. உங்க மேல இருக்கு. கொண்டு போங்க" என்றாள்.

வியாழக்கிழமைக்குள் வாந்தியும் மேல்மூச்சுமாகக் கிடந்தாள். அவர் போன் பண்ணினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இதுவரை நம்பியதெல்லாம் வீணாகிவிடும் என்று சொல்லி, வெள்ளை ஷூக்காரர் போனிலேயே ஜெபித்தார். ஜெபம் முடிவதற்குள் அவள் முடிந்துபோனாள். அடக்கத்தின்போது, இந்த வீட்டில் எங்கேயோ ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது என்று அந்த ஆள் கண் கலங்கச் சொன்னார். பாவி மனுஷன், செயலாளர் அதையும் நம்பி, தன் மனசுக்குள் அந்தச் சந்தேகத்தைத் தேடிக்கொண்டே மண் போட்டார். கொஞ்ச நாளில் பெரிய சபை ஒன்று கூப்பிட்டது என்று வெள்ளை ஷூக்காரர் கிளம்பிப் போனார். போகும்போதும் ஷூவில் ஒரு தூசி இல்லை.

அவர் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயலாளரின் மனைவி பக்கவாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் வந்தபோது மடக்கினாள். புருஷன் வந்தபோதும் மடக்கினாள், முகத்தைத்தான் பார்க்கவில்லை. வழி மறித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அடுத்த மாதத்துக்குப் பேசி வைத்திருந்த சுகமளிக்கும் ஊழியக்காரர் இடம் பார்க்க வந்து, தாண்ட முடியாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே கமிட்டி கூடியது. "கிழக்குச் சுவரு சும்மாதானே இருக்கு" என்றார் சிமெண்ட் கடைக்காரர்.

"என் பொண்டாட்டி செத்தது போதாதா?" என்று செயலாளர் கேட்டார். சிமெண்ட் கடைக்காரர், "உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது சார்" என்றார். மற்றவர்கள் கிழக்கு வாசலுக்குச் சம்மதம் என்று கை தூக்கினார்கள்.

மூன்றாவது வாசல் திறந்த அன்றைக்குச் செயலாளர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அதில் குறுக்கே போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். ஊழியக்காரர் வந்தார். செயலாளர் மடக்கவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்தார், உயிரோடு இருக்கிறவனுக்கு அவன் உடம்பின் எடைதான் உண்டு. வாலிபர் சங்கத்துப் பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். "கால் இடிக்குதா சார்?" என்று மரியாதையாகக் கேட்டு, சுவர் நிழலில் இறக்கி வைத்தார்கள். அடுத்த வாரமும் வந்தார், அடுத்த வாரமும் தூக்கினார்கள். வருஷங்கள் ஓடின. ஊழியக்காரர்கள் மாறினார்கள், பையன்களுக்குக் கல்யாணமாகி வேறு பையன்கள் வந்தார்கள். இப்போது அது அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்று. பாட்டுப் புத்தகங்களை அடுக்க வேண்டும், மைக் பேசுகிறதா பார்க்க வேண்டும், செயலாளரைத் தூக்கி வைக்க வேண்டும்.